செய்முறையும் ஒரு பொருளே!

மாத இதழ்களில் வரும் சமையற் குறிப்பு எதை எடுத்துக்கொண்டாலும் அதில் இரண்டு தலைப்புகளைக் காண்கிறோம். ஒன்று, ‘தேவையான பொருள்கள்’, மற்றொன்று, ‘செய்முறை’. பொருள்களைக் கடையில் வாங்கலாம். அண்டை வீட்டில் கைமாற்றாகக் கேட்கலாம். டப்பாவில் போட்டு விடுதியிலிருக்கும் மகளுக்கு அனுப்பலாம். செய்முறையையும் அப்படிக் கொடுத்தனுப்ப முடியுமா? ‘அது எப்படி முடியும்?’ என்றுதான் கேட்கத் தோன்றும்.

கணிப்பொறிக்கு நிரல் எழுதப் பழகும் மாணவியரும் இவ்வாறே திகைக்கின்றனர். ஓர் எண்ணை நிரலின் ஒரு பகுதியிலிருந்து மற்றொரு பகுதிக்கு அனுப்பலாம் என்றால் எளிதில் ஒப்புக்கொள்கின்றனர். ஒரு பெயரையோ பட்டியலையோ அனுப்பலாம் என்றாலும் வியப்பில்லை. ஆனால் ஒரு செய்முறையையே மற்றொரு செய்முறையின் கையில் ஒப்படைக்கலாம் என்று சொன்னால், ‘இது பெரிய படிப்புப் படித்தவர்களுக்கு உரியது, நமக்கு வேண்டாம்’ என்று ஒதுங்கிவிடுகின்றனர். இவ்வாறு ஒதுங்க வேண்டியதில்லை என்பதே கணிப்பொறிப் பிரிவு மாணவியராகிய எங்கள் கருத்து. செய்முறையைக் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். ஆனால் கொடுக்கும்போது, அதற்கு உரியவர் யார் என்பதையும், அது காக்க வேண்டிய வாக்கு என்ன என்பதையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொற்களைத் தெளிவோம்

இம்மலரைப் படிக்கும் பெற்றோர்கள், அருட்சகோதரியர் அனைவரும் கணிப்பொறி பயின்றவர்கள் அல்லர். ஆகவே மூன்று சொற்களை முதலில் விளக்கிவிடுகிறோம்.

வங்கியில் நமக்குள்ள சேமிப்புக் கணக்கை எண்ணிப் பாருங்கள். அதில் பெயர், இருப்புத் தொகை முதலிய விவரங்கள் இருக்கின்றன. பணம் போடுதல், எடுத்தல் முதலிய செயல்களும் அதற்கு உண்டு. விவரங்களையும் செயல்களையும் ஒருசேரக் கட்டிவைத்த இத்தகைய அமைப்பையே நிரலில் ‘பொருள்’ என்கிறோம். அதனுள் அடங்கிய செயலே ‘மெத்தட்’ எனப்படும் செய்முறை. ‘பணம் போடு’ என்று சொன்னால் போதாது. எவ்வளவு என்றும் சொல்ல வேண்டும் அல்லவா? செய்முறைக்கு நாம் கொடுத்தனுப்பும் அந்தத் தொகை போன்றதுதான் ‘அளபுரு’. பாராமீட்டர் என்று வகுப்பில் சொல்வது இதனையே.

பொருள்களைக் கொண்டு நிரல் எழுதும் இவ்வழியை முதன்முதல் வகுத்தவர்கள் நார்வே நாட்டினர். ஆஸ்லோ நகரிலுள்ள நார்வே கணிப்பு மையத்தில் ஓலே யோஹான் டால், கிறிஸ்டன் நிகார்ட் ஆகிய இருவரும் உருவாக்கிய ‘சிமுலா 67’ என்னும் மொழியே இதன் தொடக்கம். உலக நடப்புகளைக் கணிப்பொறியில் நடத்திப் பார்ப்பதற்காக அவர்கள் அதனைப் படைத்தார்கள்.

செய்முறையை அளபுருவாகக் கொடுக்கும் கருத்தோ அதனினும் மூத்தது. அமெரிக்காவில் ஜான் மெக்கார்த்தி 1958-ஆம் ஆண்டில் வடிவமைக்கத் தொடங்கிய ‘லிஸ்ப்’ மொழியிலேயே அது இருந்தது. ஐரோப்பியரும் அமெரிக்கரும் கூடி வகுத்த ‘அல்கால் 60’ மொழியிலும் அதற்கு இடம் இருந்தது. ஆகவே இது நேற்று வந்த புதுமையன்று; அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமை உடையது.

வரிசையும் விதியும்

இதனால் நமக்கு என்ன பயன் என்று கேட்கலாம். விளையாட்டு விழா அணிவகுப்புக்கு மாணவியரை உயர வரிசையில் நிறுத்துவதைப் பார்த்திருக்கிறோம். நிறுத்துபவர் செய்வது என்ன? பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இருவரைப் பார்க்கிறார். முந்தி நிற்க வேண்டியவள் பிந்தி நின்றால் இடம் மாற்றுகிறார். மாற்ற யாருமில்லை என்னும் வரை இதனையே திரும்பத் திரும்பச் செய்கிறார்.

மறுநாள் அதே மாணவியரைப் பெயர் வரிசையில் நிறுத்த வேண்டும். அதற்கடுத்த நாள் பிறந்த தேதி வரிசையில் நிறுத்த வேண்டும். இதற்காக நிறுத்துபவரை மாற்ற வேண்டுமா? வேண்டியதில்லை. இருவரைப் பார்த்தல், இடம் மாற்றுதல், மீண்டும் பார்த்தல் என்ற வேலை மூன்று நாளும் ஒன்றே. ‘இவ்விருவரில் முந்தியவர் யார்?’ என்ற கேள்விக்கு விடை சொல்லும் விதி ஒன்றுதான் மாறுகிறது.

இதை அறியாதவர் நிரல் எழுதினால் உயரத்துக்கு ஒன்று, பெயருக்கு ஒன்று, பிறந்த தேதிக்கு ஒன்று என மூன்று வரிசை நிரல்களை எழுதுவார். ஒன்றில் பிழை கண்டால் மூன்றிலும் திருத்த வேண்டும். இரண்டைத் திருத்தி மூன்றாவதை மறந்துவிட்டால் வினை வந்து சேரும். அறிந்தவரோ வரிசைப்படுத்தும் செய்முறையை ஒருமுறை எழுதி, ஒப்பிடும் செய்முறையை அதனிடம் அளபுருவாகக் கொடுத்துவிடுவார். மாறாததை ஓரிடத்திலும் மாறுவதை மற்றோரிடத்திலும் வைப்பதே இதன் பயன்.

இன்னொரு பயனும் உண்டு. ஓர் அலுவலகத்திற்கு விண்ணப்பம் அனுப்பும்போது, நம் முகவரி எழுதி அஞ்சல்தலை ஒட்டிய உறை ஒன்றையும் உடன் வைத்து அனுப்புவது வழக்கம். முடிவு என்று ஆகுமோ நமக்குத் தெரியாது. ஆனால் ஆனவுடன் எங்கே தெரிவிக்க வேண்டும் என்பதை முன்னரே அவர்கள் கையில் கொடுத்துவிடுகிறோம். கணிப்பொறித் திரையிலுள்ள ஒரு பொத்தானுக்கும் இவ்வாறே ஒரு செய்முறையைக் கொடுத்து வைக்கிறோம். பொத்தானைப் படைத்தவருக்கு நம் வேலை என்னவென்று தெரியாது. எப்பொழுது அழுத்துவார்கள் என்பது நமக்கும் தெரியாது. ஆயினும் அழுத்தியவுடன் வேலை நடக்கிறது.

இங்கே ஒரு நுட்பத்தைக் குறிப்பிட்டாக வேண்டும். பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் போன்ற மொழிகளில் செய்முறையின் பெயரை மட்டும் எழுதினால் அதனைக் கொடுக்கிறோம் என்று பொருள். பெயருக்குப் பின் அடைப்புக்குறிகளை இட்டால் ‘இப்பொழுதே செய்’ என்று பொருள். முதலாவது, முகவரியிட்ட உறையைக் கொடுப்பது. இரண்டாவது, விடையை நாமே எழுதி உறைக்குள் போட்டு ஒட்டிக் கொடுப்பது! இரண்டு சிறு வளைவுகளுக்குள் இத்துணை வேறுபாடு அடங்கியிருப்பதை மனப்பாடத்தால் அறிய முடியுமா? பொருள் உணர்ந்தால் மட்டுமே முடியும்.

பெரியோர்களின் கருத்து வேற்றுமை

செய்முறையைத் தனியே எடுத்துக் கொடுப்பது பொருள்நோக்கு முறைக்கு ஒவ்வாது என்று கருதியவர்களும் உண்டு. அவர்கள் எளியவர்கள் அல்லர். 1995-ஆம் ஆண்டில் ஜாவா மொழியை வெளியிட்ட சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனமே அக்கருத்தைக் கொண்டிருந்தது.

அதே 1995-இல் போர்லாண்ட் நிறுவனத்தின் டெல்பி வெளிவந்தது. அதன் தலைமைச் சிற்பி ஆண்டர்ஸ் ஹெயில்ஸ்பர்க். ஒரு பொருளின் செய்முறையை நேரே பொத்தானிடம் கொடுக்கும் வசதி அதில் இருந்தது. அவர் 1996-இல் மைக்ரோசாப்ட் நிறுவனத்திற்குச் சென்றார். அந்நிறுவனம் 1998-இல் வெளியிட்ட விஷுவல் ஜே பிளஸ் பிளஸ் 6 என்னும் ஜாவாக் கருவியில் ‘டெலிகேட்’ என்ற பெயரில் அவ்வசதி இடம் பெற்றது. டெலிகேட் என்றால் நம் சார்பாகச் செல்லும் பேராளர் என்று கொள்ளலாம். ஜாவா தொடர்பாக இவ்விரு நிறுவனங்களுக்கும் இடையே 1997 முதல் வழக்கு நடந்துகொண்டிருந்த காலம் அது.

டெலிகேட் தேவையற்றது என்று சன் நிறுவனம் எழுத்து மூலமாகவே மறுத்தது. ஜாவாவில் ஏற்கெனவே உள்ள உள்வகுப்புகளைக் கொண்டு, தேவையான செய்முறையை உடைய ஒரு சிறு பொருளைச் செய்து அனுப்பினால் போதும். செய்முறையைத் தனியாகக் கொடுக்கும் புது வழி மொழியின் எளிமையைக் கெடுக்கும் என்பது அவர்கள் வாதம். சுருங்கச் சொன்னால், ‘வேலையை அனுப்பாதே, வேலை தெரிந்த ஆளை அனுப்பு’ என்றார்கள்.

வழக்கு 2001-இல் சமரசத்தில் முடிந்தது. இதற்கிடையில் 2000-ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட் அறிவித்த ‘சி ஷார்ப்’ என்னும் புதிய மொழியில் டெலிகேட் நிலைபெற்றது. ஜாவாவோ தன் வழியே சென்றது. ஒப்பிடும் ஒரே ஒரு வரிக்காக அதனைச் சுற்றி நான்கைந்து வரிகள் எழுத வேண்டியிருந்தது. இறுதியில் 2014-ஆம் ஆண்டு மார்ச் மாதம் வெளிவந்த ஜாவா 8-இல் அம்மொழியும் செய்முறையைப் பெயர் சொல்லிக் கொடுக்கும் வசதியை ஏற்றுக்கொண்டது. ஆனால் அது ஏற்றுக்கொண்ட விதம் நோக்கத்தக்கது. எழுதுபவர் செய்முறையின் பெயரை மட்டும் எழுதுகிறார். ஜாவாவோ அதனை, ஒரே ஒரு செய்முறையை வாக்களித்த ஒரு பொருளாக உள்ளுக்குள் மாற்றிக்கொள்கிறது. செய்முறையும் ஒரு பொருளே என்று பதினாறு ஆண்டுகளுக்குப் பின் இரு தரப்பும் ஒருமித்தன என்று கூறினால் அது மிகையாகாது.

உண்மையில் இவ்வொற்றுமை முன்பே கண்டறியப்பட்டதுதான். ஆலன் கே, டான் இங்கால்ஸ், அடேல் கோல்ட்பெர்க் அம்மையார் முதலியோர் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வகத்தில் வளர்த்த ஸ்மால்டாக் மொழியில், செய்ய வேண்டியதை ஒரு பொட்டலமாகக் கட்டிக் கொடுக்கலாம். அப்பொட்டலமும் ஒரு பொருளே. ‘இது உண்மையானால் அதைச் செய்’ என்னும் கட்டளைகூட அதில் அவ்வாறே அமைந்தது. அம்மொழியை உலகுக்கு விளக்கிய நூலை 1983-இல் டேவிட் ராப்சனுடன் சேர்ந்து எழுதியவர் அடேல் கோல்ட்பெர்க் அம்மையாரே என்பதை நம் தோழியர் நினைவிற்கொள்ள வேண்டும்.

அவ்வாறாயின் சன் நிறுவனத்தார் கூறியதில் பயனே இல்லையா? உண்டு. ஒரே ஒரு செயல் போதும் என்னுமிடத்தில் செய்முறையைக் கொடுப்பதே நேரிய வழி. பல செயல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து நடக்க வேண்டும், நடந்ததை நினைவில் வைக்கவும் வேண்டும் என்றால் முழுப் பொருளையே அனுப்புவது நல்லது. தேவைக்கு மேல் செய்முறைகளை ஒன்றினுள் ஒன்றாகக் கொடுத்துக்கொண்டே போனால், எது எப்பொழுது நடக்கும் என்று எழுதியவருக்கே விளங்காமற் போகும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு அல்லவா?

உரியவரைப் பிரிக்காதீர்

இனி, செய்முறையோடு சேர்த்துக் கொடுக்க வேண்டியவற்றைப் பார்ப்போம். முதலாவது, அதற்கு உரிய பொருள்.

பதினோராம் வகுப்பு ‘அ’ பிரிவின் வருகைப் பதிவேடு ஒரு பொருள் என்று கொள்வோம். ‘வந்ததாகக் குறி’ என்பது அதன் செய்முறை. இந்தச் செய்முறையை ஒருவரிடம் கொடுக்கும்போது, எந்தப் பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக் கொடுத்தால்தான் வேலை ஒழுங்காக நடக்கும். குறி போடும் விதத்தை மட்டும் சொல்லிப் பதிவேட்டைக் கொடுக்காவிட்டால் அவர் எங்கே குறிப்பார்?

இது வெறும் கற்பனையன்று. 1995-இல் பிரெண்டன் ஐக் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்ட் மொழியில், ஒரு பொருளின் செய்முறையைப் பிரித்தெடுத்து மற்றொன்றிடம் கொடுத்தால், அது தனக்கு உரிய பொருளை மறந்துவிடுகிறது. தனித்து நன்றாக நடந்த செய்முறை, பொத்தானிடம் கொடுத்த பின் தடுமாறுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். செய்முறையை அதன் பொருளோடு கட்டிக் கொடுக்கும் ‘பைண்ட்’ என்னும் வசதி 2009-ஆம் ஆண்டின் தரநிலையில் சேர்ந்தது. பைத்தானிலும் சி ஷார்ப்பிலும் இந்தக் கவலை இல்லை. பொருளின் பெயரோடு சேர்த்துச் செய்முறையைக் கொடுத்தால் இரண்டும் பிரியாமலே செல்லும். சி பிளஸ் பிளஸ் மொழியில் ஓர் உறுப்புச் செயற்கூறைச் சுட்டிக்காட்டிக் கொடுத்தால், எந்தப் பொருளின்மேல் அது நடக்க வேண்டும் என்று நாமே தனியாகச் சொல்லியாக வேண்டும். மொழிக்கு மொழி வழக்கம் வேறுபடலாம். உரியவர் இன்றிச் செய்முறை இல்லை என்பது மட்டும் மாறாது.

வாக்குத் தவறாமை

இரண்டாவதாகச் சேர்த்துக் கொடுக்க வேண்டியது வாக்கு. வரிசைப்படுத்துபவர் நம் ஒப்பிடும் விதியை நம்பியே வேலை செய்கிறார். அவர் அதனுள் நுழைந்து பார்ப்பதில்லை. முதலாவது இரண்டாவதை விடச் சிறியது, இரண்டாவது மூன்றாவதை விடச் சிறியது என்று சொல்லிவிட்டால், முதலாவது மூன்றாவதை விடச் சிறியது என்றே நாம் சொல்லியாக வேண்டும். சிறுவர் விளையாடும் கல், காகிதம், கத்தரிக்கோல் ஆட்டத்தில் காகிதம் கல்லை வெல்லும், கத்தரிக்கோல் காகிதத்தை வெல்லும், கல் கத்தரிக்கோலை வெல்லும். இம்மூன்றையும் வலிமை வரிசையில் நிறுத்தச் சொன்னால் எவரால் முடியும்?

ஜாவா மொழிக்கு இப்படி ஓர் அனுபவம் உண்டு. டிம் பீட்டர்ஸ் என்பவர் 2002-இல் பைத்தானுக்காக எழுதிய ‘டிம்சார்ட்’ என்ற விரைவான வரிசை முறையை, 2011-இல் வந்த ஜாவா 7 எடுத்துக்கொண்டது. உடனே, அதுவரை ஓசையின்றி ஓடிக்கொண்டிருந்த சில நிரல்கள் நின்றுபோயின. ‘ஒப்பிடும் முறை தன் பொது ஒப்பந்தத்தை மீறுகிறது’ என்ற அறிவிப்பு திரையில் தோன்றியது. பழைய வரிசை முறை முரண்பட்ட விதியைக் கண்டும் காணாமல் விட்டுவந்தது. புதிய முறை எல்லா வேளையிலும் இல்லாவிட்டாலும், முரண்பாடு தன் கண்ணில் பட்ட வேளையில் அதனைச் சுட்டிக்காட்டி நிறுத்தியது. பிழை 2011-இல் பிறந்ததன்று. முன்னரே இருந்து, அன்று வெளிப்பட்டது.

இத்தகைய முரண்பாடு எப்படி நேர்கிறது? இரண்டு எண்களில் பெரியது எது என்று அறிய ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துப் பார்ப்பது சிலர் கையாளும் குறுக்குவழி. ஜாவாவின் முழு எண் ஒன்றில் அடங்கும் மிகப் பெரிய மதிப்பு 2147483647. இதிலிருந்து குறை 1-ஐக் கழித்தால் விடை அந்த எல்லையைத் தாண்டுகிறது. தாண்டியதும் சுழன்று குறை 2147483648 ஆகிவிடுகிறது. விடை குறையெண் ஆதலால், பெரிய எண்ணே சிறியது என்று விதி சொல்லிவிடுகிறது! ஒரு வரியை மிச்சப்படுத்தப் போய் ஒரு பொய்யைக் கையில் கொடுத்தது போலாயிற்று. நாம் கொடுத்தனுப்பிய செய்முறை நம் கண்ணுக்கு எட்டாத இடத்தில் நம் பெயரால் வேலை செய்கிறது. ஆகவே அது எவ்விடத்தும் ஒரே சொல் சொல்லும்படி எழுதுவது நம் கடமை.

நாம் கற்கும் முறை

நம் மாநிலத்தில் 2018-இல் வந்த புதிய பாடத்திட்டம் பதினோராம் வகுப்புக்குச் சி பிளஸ் பிளஸ் மொழியையும், அதனைத் தொடர்ந்து 2019-இல் வந்தது பன்னிரண்டாம் வகுப்புக்குப் பைத்தானையும் தந்தன. பொருள், இனக்குழு, செயற்கூறு, அளபுரு ஆகிய சொற்கள் யாவும் நம் நாவில் புழங்குகின்றன. ஆயினும் செய்முறைத் தேர்வு நெருங்கும்போது நிரல்களைச் செய்யுள் போல் நெட்டுருச் செய்யும் பழக்கம் நம்மிடையே இருப்பதை மறுக்க முடியாது. நெட்டுருச் செய்தவள் ஒரு பெயர் மாறினால் தடுமாறுகிறாள். தடுமாறியதும், ‘கணிப்பொறி எனக்கு வராது’ என்று தீர்ப்பு எழுதிக்கொள்கிறாள். குறை அவள் அறிவில் இல்லை; கற்ற வழியில் இருக்கிறது. ஒரு நிரலில் செய்முறையைச் செய்முறையிடம் கொடுக்கும் இடமே, நெட்டுரு கைகொடுக்காத இடம். அதனாலேயே அதை ஒதுக்காமல் முன்னால் கொண்டுவர வேண்டும் என்கிறோம்.

இதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. வகுப்பில் பத்துப் பேரை நிறுத்தி, ஒருத்தியை வரிசைப்படுத்தச் சொல்லி, ஒப்பிடும் விதியைச் சீட்டில் எழுதி அவள் கையில் கொடுத்தால் போதும். சீட்டை மாற்றினால் வரிசை மாறுவதைக் கீழ்வகுப்புச் சிறுமியும் கண்டுகொள்வாள். பின்னர் கணிப்பொறியின் முன் அமர்ந்து எழுதும்போது ஒவ்வொருத்தியும் மூன்று கேள்விகளைத் தனக்குத்தானே கேட்டுக்கொள்ளட்டும்: இச்செய்முறையை அழைக்கப்போவது யார்? இது எந்தப் பொருளுக்கு உரியது? இது தவறாமல் காக்க வேண்டிய வாக்கு எது?

ஆசிரியப் பெருமக்களையும் அருட்சகோதரியரையும் நாங்கள் பணிவுடன் வேண்டுவது ஒன்றே. நிரல் ஓடியதா என்று பார்ப்பதோடு, ஏன் ஓடியது என்றும் எங்களைக் கேளுங்கள். பெற்றோர்களே, ‘எத்தனை நிரல் மனப்பாடம் ஆயிற்று?’ என்று கேட்பதை விட்டு, ‘இன்று எழுதிய நிரலை எனக்கு விளக்கு’ என்று மகளிடம் கேட்டுப் பாருங்கள். உங்களுக்கு விளக்கத் தெரிந்தவளுக்குக் கணிப்பொறிக்கு விளக்குவது அரிதன்று.

தோழியரே! பிறர் எழுதிய நிரலை நாம் பயன்படுத்துவோம். நாம் எழுதும் செய்முறையை முன்பின் அறியாத ஒருவர் தம் நிரலுக்குள் வாங்கி நடத்துவார். அவர் நம்மை நேரில் காணப்போவதில்லை. நாம் கொடுத்ததை மட்டுமே நம்புவார். அந்த நம்பிக்கைக்கு உரியதாக ஒரு சிறு செய்முறையையேனும் இவ்வாண்டு நம் கையால், பொருள் உணர்ந்து எழுதுவோம்.